ராஜபாளையமா, லாப்ரடாரா? இனப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

வீட்டில் ஒரு நாய் வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்த கேள்வி உடனே எழுகிறது: என்ன நாய்? திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பல வீடுகளில் இந்தக் கேள்வி இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று, நம் தென் மாவட்டத்து ராஜபாளையம். மற்றொன்று, கனடாவின் குளிர்ந்த கடற்கரையில் தோன்றி இங்கிலாந்தில் உருப்பெற்ற லாப்ரடார். வீட்டில் அப்பா ஒரு கட்சி, பிள்ளைகள் ஒரு கட்சி என்று பிரிந்து வாதாடுவார்கள். இறுதியில் யாராவது ஓர் அட்டவணையை எடுத்து வருவார்கள்.

அந்த அட்டவணையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாய்க்குட்டி விற்கும் கடைச் சுவரில் தொங்கும்; வளர்ப்புக் கையேடுகளிலும் இருக்கும். இடப்பக்கம் இனத்தின் பெயர். அதை அடுத்து உயரம், எடை, ரோமம், குணம், 'குடும்பத்துக்கு ஏற்றதா?' என்று கட்டங்கள். லாப்ரடாருக்கு நேராக 'சாது, குழந்தைகளுடன் பழகும், எளிதில் பயிற்சி பெறும்' என்று இருக்கும். ராஜபாளையத்துக்கு நேராக 'விசுவாசம் மிக்கது, அந்நியரை அண்டவிடாது, காவலுக்கு ஏற்றது' என்று இருக்கும்.

புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறோம். திரைப்படத்துக்கு விமரிசனம் எழுதுகிறோம். இந்த அட்டவணைக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்முடன் வாழப்போகிற ஓர் உயிரை இதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஆகவே இந்த அட்டவணையை ஒரு நூலைப் போல எடுத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகச் சோதித்துப் பார்ப்போம். அது சொல்வதில் எது விஞ்ஞானம், எது வெறும் வழக்குப் பேச்சு?

இரண்டு வகைப் பெருமை

முதலில் ஒரு தடையை விலக்கிவிட வேண்டும். இந்த இரண்டு நாய்களையும் சுற்றி இரண்டு பெருமைகள் இருக்கின்றன. லாப்ரடாரைச் சுற்றி இருப்பது 'சீமைச் சரக்கு' என்ற பழைய பெருமை. ராஜபாளையத்தைச் சுற்றி இருப்பது 'நம்ம ஊர் நாய்' என்ற புதிய பெருமை. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமாலய ஆட்டு நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றுடன் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் இனங்களைப் பெயர் சொல்லிப் பாராட்டி, இந்திய இனங்களை வளர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

நம் இனங்கள் அழிந்துவிடாமல் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் இனத்தைக் காப்பது வேறு; அதை உங்கள் இரண்டாம் மாடிக் குடியிருப்பில் வளர்ப்பது வேறு. தபால்தலையில் அழகாக இருக்கும் நாய் உங்கள் வீட்டில் நிம்மதியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சீமைப் பெருமையும் நாட்டுப் பெருமையும் வளர்ப்பவருக்கு மகிழ்ச்சி தரலாம். நாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

'இனம்' என்றால் என்ன?

நாய் மனிதனுடன் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. ஆனால் இன்று நாம் சொல்லும் பொருளில் 'இனம்' என்பது மிகவும் அண்மைக் காலத்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859ஆம் ஆண்டில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் அமைக்கப்பட்டது. இன்ன உயரம், இன்ன நிறம், இன்ன காது என்று இலக்கணம் வகுத்து, அந்த இலக்கணத்துக்குள் பிறந்தவற்றை மட்டும் தம்முள் இணைசேர்க்கும் முறை அதன் பின்னரே வலுப்பெற்றது. லாப்ரடாரை அந்த கிளப் 1903இல் தனி இனமாக ஏற்றது.

இதற்கு முன்பும் மனிதர் நாய்களைத் தேர்ந்து வளர்த்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது வேலையை. நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவருக்கு உதவிய நீர் நாய்களின் வழிவந்தது லாப்ரடார். பின்னர் சுட்டு வீழ்த்திய பறவையை நீரிலிருந்து கவ்வி வரப் பழக்கப்பட்டது. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. ஒன்று சில்லென்ற நீருக்காக அமைந்த உடல். மற்றொன்று வறண்ட நிலத்தில் ஓடுவதற்காக அமைந்த உடல்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அட்டவணைக்குத் திரும்புவோம்.

உடலைப் பற்றிய கட்டங்கள்: நம்பலாம், ஆனால் முழுதாகப் படியுங்கள்

அட்டவணையின் பலமான பகுதி உடலைப் பற்றியதுதான். உயரம், எடை, ரோமம் ஆகியவை தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. குட்டியிலேயே ஓரளவு கணித்துவிடலாம். வளர்ந்த லாப்ரடார் ஏறத்தாழ 25 முதல் 36 கிலோ எடை இருக்கும். ராஜபாளையம் தோள் வரை ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. உயரம் இருக்கும், கால்கள் நீண்டவை, மார்பு ஆழ்ந்தது.

லாப்ரடாரின் ரோமம் இரண்டு அடுக்கு கொண்டது. மேலே நீர் ஒட்டாத முரட்டு ரோமம், அடியில் பஞ்சு போன்ற மென்ரோமம். குளிர்ந்த கடலில் இது கம்பளிச் சட்டை. ராஜபாளையத்தின் ரோமம் குட்டையானது, உடலோடு ஒட்டியது.

இது ஏன் முக்கியம்? திருச்சியின் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். வெப்பம் 40 பாகையைத் தொடும் நாட்கள் அரிதல்ல. நமக்கு வியர்வை உண்டு. தோல் முழுவதும் நனைந்து, காற்றுப் பட்டு ஆறும். நாய்க்கு அவ்விதம் வியர்வை சுரப்பது உள்ளங்கால்களில் மட்டுமே. அது வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே உடலைக் குளிர்விக்கிறது. நாக்கிலும் மூக்கின் உட்பரப்பிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் காற்றில் ஈரம் மிகும் நாட்களில் ஈரம் எளிதில் ஆவியாகாது. அப்போது இந்த இயந்திரம் தடுமாறுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை. அது 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

மெலிந்த நாய்க்கு எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம். வெப்பம் விரைவில் வெளியேறும். பருத்த நாய்க்கு இது கடினம். இந்தத் தேர்வில் ராஜபாளையத்துக்கே கூடுதல் மதிப்பெண். எனினும் லாப்ரடாரை மிக மோசம் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டின் வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று 11 இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தமிழ்நாடு அரசு தன் 2024ஆம் ஆண்டுக் கொள்கையில் தடை கூறியது. சைபீரியன் ஹஸ்கி, செயிண்ட் பெர்னார்ட், பக் ஆகியவை அதில் உண்டு, லாப்ரடார் இல்லை. நிழல், தண்ணீர், விடியற்காலை உலா, ஒல்லியான உடல் ஆகிய நான்கும் இருந்தால் லாப்ரடார் இங்கே வாழும்.

அந்த நான்காவது நிபந்தனையில்தான் சிக்கல். லாப்ரடாருக்கு ஏன் எப்போதும் பசி? 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டறிந்தார்கள். பசி அடங்கியது என்று மூளைக்குத் தெரிவிக்கும் புரதத்தை உருவாக்க உதவும் ஜீன் ஒன்று உண்டு. அதில் 14 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இல்லை. அத்தகைய நாய்க்கு வயிறு நிறைந்தாலும் மூளைக்குச் செய்தி சரியாகப் போவதில்லை. 2024இல் வெளியான தொடர் ஆய்வு, இத்தகைய நாய்கள் ஓய்வாக இருக்கும்போது செலவிடும் சக்தியும் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு என்று காட்டியது. பசி அதிகம், செலவு குறைவு. உடல் பருக்காமல் என்ன செய்யும்?

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்றுவிக்கப்படும் லாப்ரடார்களில் இந்தக் குறை நான்கில் மூன்றுக்கு இருந்தது. தீனிக்கு ஏங்கும் நாய் தீனி காட்டினால் சொன்னதைச் செய்கிறது. ஆகவே பயிற்சிக்கு அவையே தேறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அப்படியானால் அட்டவணை பாராட்டும் 'எளிதில் பயிற்சி பெறும்' என்ற குணமும், அட்டவணை சொல்லாமல் விடும் பருமனும், ஓரளவேனும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில், 'பாவம், பார்க்கிறதே' என்று ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிடலாம்.

ராஜபாளையத்தின் கட்டத்திலும் விடுபட்ட செய்தி ஒன்று உண்டு. இந்த இனத்தில் மக்கள் விரும்புவது பால் போன்ற வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும். பிற நிறக் குட்டிகளும் பிறப்பதுண்டு. அவற்றை ஒதுக்கி, வெள்ளையையே தேர்ந்து வந்தார்கள். வெண்மைக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நிறமியைச் செய்யும் செல்கள் தோலில் மட்டும் இல்லை, உட்செவியிலும் இருக்கின்றன. அங்கே ஒலியை உணரும் செல்கள் உயிரோடு இயங்க அவற்றின் துணை வேண்டும். நிறமியை அடக்கும் சில ஜீன்கள் உட்செவியிலும் இச்செல்களை இல்லாமல் செய்துவிடுகின்றன. பிறந்த சில வாரங்களில் ஒலி உணரும் செல்கள் அழிந்து, குட்டி செவிடாகிறது. டால்மேஷன் இனத்தில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன் நாய்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ கேட்கவில்லை. ராஜபாளையத்திலும் செவிட்டுத்தன்மை அறியப்பட்ட குறைபாடுதான். காவலுக்கென்று வாங்கும் நாய்க்குக் காது கேட்காவிட்டால் அந்தக் கட்டத்தில் எழுதிய பெருமைக்கு என்ன பொருள்? வெளிறிய மூக்கு கடும் வெயிலில் புண்ணாகும் என்பதையும் நினைவில் கொள்க.

ஆகவே உடலைப் பற்றி அட்டவணை சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனால் அது விற்பனைக்கு உதவும் பாதியை மட்டும் சொல்கிறது.

குணத்தைப் பற்றிய கட்டம்: இங்கேதான் பலவீனம்

இனி 'சாது', 'விசுவாசம்', 'முன்கோபம்' ஆகிய சொற்களுக்கு வருவோம். வாங்குபவர் முதலில் படிப்பது இந்தக் கட்டத்தைத்தான். இங்கேதான் அட்டவணை மிகவும் தடுமாறுகிறது.

2022ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 18,385 நாய்களின் சொந்தக்காரர்களிடம் அவற்றின் நடத்தையைப் பற்றிக் கேள்விகள் கேட்டார்கள். அவற்றுள் 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஆராய்ந்தார்கள். விடை வியப்பானது: ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையிலுள்ள நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 விழுக்காடுதான். நடத்தைக்கும் மரபுக்கும் தொடர்பே இல்லை என்பதல்ல இதன் பொருள். மரபின் பங்கு உண்டு. ஆனால் அது இனப்பெயர் என்ற பெட்டிக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. சொல்பேச்சுக் கேட்டல், ஊளையிடுதல் போன்ற சிலவற்றில் இனத்தின் சாயல் தெரிந்தது. எவ்வளவு விரைவில் சினம் கொள்ளும் என்பதில் இனத்தின் பங்கு மிகக் குறைவாகவே இருந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தூய லாப்ரடார் வைத்திருப்பவர்கள் தங்கள் நாய் மனிதரோடு நன்றாகப் பழகும் என்றார்கள். ஆனால் கலப்பு நாய்களில் லாப்ரடார் இரத்தம் அதிகமாக இருந்தாலும் அவை மனிதரோடு கூடுதலாகப் பழகுவதாகத் தெரியவில்லை. அப்படியானால் அந்தப் 'பழகும் குணம்' எவ்வளவு நாயிடம் இருக்கிறது, எவ்வளவு பெயரைக் கேட்ட நம் எதிர்பார்ப்பில் இருக்கிறது?

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் அமெரிக்க வீடுகளில் வாழும் நாய்களைப் பற்றியது. சொந்தக்காரரின் சொல்லை நம்பியது. ராஜபாளையத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் ராஜபாளையத்தின் குணத்தை ஒரு சொல்லில் உறுதியாக எழுதும் அட்டவணைக்கு இந்த அளவு சான்றுகூட இல்லை.

குணத்தை உண்மையில் உருவாக்குவது எது? ஸ்காட், புல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஐந்து நாய் இனங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டார்கள். குட்டியின் வாழ்வில் ஏறத்தாழ 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரை ஒரு முக்கியமான பருவம் என்று அவர்கள் காட்டினார்கள். அப்போது அன்போடு தொட்டு, பேசி, பலரைப் பார்க்கப் பழக்கிய குட்டி மனிதரை நம்பும். அந்த வாரங்களை இருட்டுக் கூண்டில் கழித்த குட்டி அஞ்சும். அஞ்சும் நாயே கடிக்கும். கடைச் சுவர் அட்டவணையில் இந்த ஒன்பது வாரங்களுக்கு ஒரு கட்டமும் இல்லை.

விடுபட்ட கட்டம்: உங்கள் வீடு

அட்டவணையின் மிகப் பெரிய குறை இதுதான். அதில் நாயைப் பற்றி எல்லாம் இருக்கிறது; வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. எடுத்துக்காட்டாக இரண்டு வீடுகளை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் ஒரு பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகிறது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கிறது. பூக்காரர், பால்காரர், உறவினர், வழி கேட்கும் யாத்திரிகர் என்று வாசலில் ஆள் நடமாட்டம் ஓயாது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே வெளியூர்க்காரர்களால் நிறையும். மேளமும் வேட்டும் உண்டு. அந்நியரைக் கண்டு எச்சரிக்கையடையும் வேட்டை நாய்க்கு இந்த வாசல் நாள்தோறும் ஒரு சோதனை. அதை அடக்கச் சங்கிலி வரும். சங்கிலியில் கிடக்கும் நாய் மேலும் சினக்கும். இன்னும் குட்டையான சங்கிலி வரும். ஓடுவதற்குப் பிறந்த நாய் ரேழித் தூணைச் சுற்றியே ஆயுளைக் கழிக்கும். இங்கே ராஜபாளையம் பொருந்தாது என்பதற்குக் காரணம் அதன் குணம் கெட்டது என்பதல்ல, வாசல் அப்படி.

இரண்டாவது, திருச்சி நகரின் விளிம்பில் சுற்றுச்சுவரும் கால் ஏக்கர் திறந்த நிலமும் உள்ள தனி வீடு. வருவோர் குறைவு. காலையில் ஓட்டமாக அழைத்துச் செல்ல வீட்டில் இளைஞர் ஒருவர் இருக்கிறார். இங்கே ராஜபாளையம் மகிழ்ச்சியாக வாழும். லாப்ரடாரும் வாழும், ஆனால் அதை இரவு முழுவதும் தோட்டத்தில் தனியே விட்டு 'காவல்' என்று பெயர் சூட்டினால் வாடிவிடும். அதற்கு மனிதர் அருகில் வேண்டும்.

இன்னும் ஒரு கேள்வி, ஸ்ரீரங்கத்தில் கட்டாயம் எழுவது: சைவ உணவு வீட்டில் நாய் வளருமா? 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, மாவுப்பொருளைச் செரிக்கும் ஒரு ஜீன் ஓநாய்க்கு இரண்டு படிகளே இருக்க, நாய்களுக்கு 4 முதல் 30 படிகள் வரை இருப்பதைக் கண்டது. மனிதன் போட்ட சோற்றைத் தின்று தின்று நாய் மாறியிருக்கிறது. ஆகவே சோறு செரிக்கும். ஆனால் செரிப்பது வேறு, போதுமானது வேறு. தயிர்சாதம் மட்டும் போட்டால் புரதம் குறையும், மாவுச்சத்து மிகும். பசி அடங்காத லாப்ரடாராக இருந்தால் பீப்பாயாகிவிடும். பருப்பு, பால் பொருள், முடிந்தால் முட்டை ஆகியவற்றைக் கணக்கிட்டுச் சேர்க்கக் கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும். முட்டையும் கூடாது, கணக்கும் முடியாது என்றால், அந்த வீட்டுக்கு நாயே வேண்டாம் என்பதுதான் நேர்மையான விடை.

எனவே என்ன செய்யலாம்?

அட்டவணையைக் கிழித்து எறியச் சொல்லவில்லை. படிக்கும் வரிசையை மாற்றுங்கள் என்கிறேன்.

முதலில் வீட்டை எழுதுங்கள்: எவ்வளவு இடம், யார் வருவார்கள், பகலில் யார் இருப்பார்கள், விடியற்காலையில் எழுந்து அழைத்துச் செல்பவர் யார். அந்த நான்காவது கேள்விக்கு ஒருவர் பெயரும் வராவிட்டால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். இரண்டாவதாக உடலைப் பாருங்கள்: நம் வெயில், உங்கள் இடம், அதன் ஓட்டம், அதன் பசி. குணத்தைக் கடைசியில் வையுங்கள். அதையும் அட்டவணையில் தேடாமல் குட்டியிடம் தேடுங்கள்.

எப்படித் தேடுவது? குட்டி பிறந்த இடத்துக்கே போங்கள். தாயைப் பாருங்கள்; அது மனிதரைக் கண்டு ஒடுங்குகிறதா, வாலாட்டுகிறதா என்று கவனியுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். வெள்ளைக் குட்டியாக இருந்தால், அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரவோ காற்று அசையவோ கூடாது. காது திருப்பினால் ஒரு காதாவது கேட்கிறது என்று பொருள். மற்றொரு காதைப் பற்றி இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் கருவி வேண்டும்.

இந்த வரிசையில் போனால், உத்தர வீதி வீட்டுக்கு எடை கூடாமல் காக்கப்படும் லாப்ரடாரும், தோட்ட வீட்டுக்கு ராஜபாளையமும் வந்து சேரலாம். அல்லது இரண்டும் வேண்டாம் என்று தோன்றலாம். அப்போது உங்கள் தெருமுனையையும் ஒருமுறை பாருங்கள். அங்கே தபால்தலையில் ஏறாத, எந்த அட்டவணையிலும் இடம்பெறாத குட்டி ஒன்று கிடக்கக்கூடும். திருச்சி வெயில் அதற்குப் புதிதல்ல. வெறிநோய்த் தடுப்பூசியும், உரிய வயதில் கருத்தடையும், பழக்க வேண்டிய வாரங்களில் உங்கள் வீட்டுக் கைகளும் கிடைத்தால், அதுவும் நல்ல நாயாகும்.

எந்தக் குட்டியானாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். இன்று எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டு 'நாய் வேண்டும்' என்று அடம்பிடிக்கும் பிள்ளை, அந்த நாய் கிழடாகும்போது வேலைக்கே போயிருப்பான். அதுவரை அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் யார் என்று அவன் முன்னிலையில் பேசி முடிவெடுங்கள். இனத்தின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.